பால் கொடுக்கிற ஆறு மாதத்துக்கு யார் கூலி தருவது?

போன வாரம் கடைக்கு வந்த ஒரு பெண் கேட்ட கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் விண்ணப்ப வேலையும் செய்கிறேன். முத்துலட்சுமி பணத்துக்காக, அதாவது அரசு தருகிற மகப்பேறு உதவிக்காக, ஆதாரில் பெயர் திருத்த, பாஸ்புக் நகல் எடுக்க, கர்ப்பத்தைப் பதிந்ததற்குத் தருகிற பிக்மி நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க என்று வாரத்துக்கு ஏழெட்டுப் பெண்களாவது வருவார்கள், அதில் பாதிப் பேர் கைக்குழந்தையோடு. அன்றைக்கு வந்தவளுக்கு இருபது வயது இருந்தாலே அதிகம். மூன்று மாதக் குழந்தையை ஒரு பூத்துண்டில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். வேலை முடிந்து காசும் கொடுத்துவிட்டாள், ஆனால் கிளம்பவில்லை. கடையில் வேறு ஆள் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பாப்பாவுக்கு டப்பாப் பால் தர்றேன்னு நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சா மீதிப் பணம் நின்னுடுமா?"

அப்படி ஒரு விதியே கிடையாதும்மா, ஆஸ்பத்திரிப் பிரசவமும் தடுப்பூசியும்தான் பார்ப்பார்கள் என்றேன். "நெஜமாவா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம்தான் கட்டைப் பையில் அடியில் இருந்து பால் பாட்டிலை எடுத்தாள். பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் குழந்தையின் சட்டைகளை அடுக்கி, அந்தப் பாட்டிலை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஜெராக்ஸ் கடைக்கு வருவதற்கே.

இது என்னை ஏன் இவ்வளவு உறுத்தியது என்றால், தாய்ப்பால் கொடுக்கிற அம்மாக்களுக்குப் பணம் கொடுத்தால் என்ன என்ற விஷயத்தைக் கொஞ்ச நாளாகவே படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் முன்னின்று நடத்தியது. தெற்கு யார்க்‌ஷயர், டெர்பிஷயர், வடக்கு நாட்டிங்காம்ஷயர் பக்கம், தாய்ப்பால் கொடுப்பது குறைவாக இருந்த 92 வட்டாரங்களை எடுத்துக்கொண்டு, அதில் பாதி வட்டாரங்களில் மட்டும், பால் கொடுக்கிற தாய்க்கு 40 பவுண்டு கூப்பன், குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் ஐந்து தடவை, ஆக மொத்தம் 200 பவுண்டு வரை. ரொக்கம் கிடையாது, கடையில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். பால் கொடுக்கிறேன் என்று தாய் கையெழுத்துப் போட வேண்டும், செவிலியரும் போட வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களை வைத்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆனபோது, கூப்பன் இல்லாத இடங்களில் 31.7 சதவீதம் பேர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், கூப்பன் கொடுத்த இடங்களில் 37.9 சதவீதம். நூற்றுக்கு ஆறு பேர் கூடுதல். அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆறு குழந்தை ஆறு குழந்தைதான். ஆனால் வேறு எதுவும் சேர்க்காமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை.

அங்கே இதை லஞ்சம் என்று திட்டியவர்கள் நிறைய. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. பெற்றவளுக்குப் பணம் கொடுப்பதைக் கேவலமாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதி உதவி 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. அது 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 என்று வளர்ந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்றால் அதில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறவள் நான்.

ஆனால் இந்த எண்ணைச் சொல்கிற அதே 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் தமிழ்நாட்டில் 55 சதவீதம், இந்தியா முழுக்கப் பார்த்தால் 63.7. ஆஸ்பத்திரியில் பெறுவதில் நாம் முன்னால், பால் கொடுப்பதில் பின்னால். பெற்று வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ ஒன்று நடக்கிறது. அந்த ஏதோ ஒன்று என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் வீட்டிலேயே நடந்தது.

என் கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது ஒரு மார்ச் மாதம். சுகப்பிரசவம், குழந்தை மூன்று கிலோ, பால் அப்படிச் சுரந்தது, குழந்தைக்குப் புரையேறுகிற அளவுக்கு. எங்கள் மாமியார் பூண்டும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் ஐம்பது நாள். மே மாதம் மாங்காய் சீசன் தொடங்கியது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பெங்களூரா மாங்காய் இறங்க ஆரம்பித்தால் மாங்கூழ் ஃபேக்டரிகளில் இரண்டு ஷிஃப்ட் ஓடும், ஊர் ஊராக வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அவளுக்கு நாள் கூலி 400 ரூபாய். சீசன் மொத்தம் நாற்பத்தைந்து ஐம்பது நாள்தான், ஆனால் அந்த இருபதாயிரம் ரூபாய் வருடத்தில் ஒரு தடவைதான் வரும். கொழுந்தனார் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மழை வந்தால் வேலை இல்லை. குழுக் கடனுக்கு வாரத் தவணை. முத்துலட்சுமி பணத்தில் முதல் தவணை வந்தது, ஸ்கேனுக்கும் வளைகாப்புக்கும் போய்விட்டது. அடுத்த தவணை ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று நின்றுபோய்விட்டது. ஐம்பத்திரண்டாவது நாள் அவள் வேன் ஏறினாள்.

காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி ஏழு மணிக்கு வருவாள். நாள் முழுக்க மாங்காய் வெட்டிக் கை இரண்டும் மாம்பால் பட்டு விரலிடுக்கில் வெந்து தோல் உரிந்திருக்கும். முன்பக்கம் ரவிக்கை நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து, புடவை மாராப்பில் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கக்கூசுக்குள் நின்று பிழிந்து விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள், உட்காரக்கூட இடமில்லாத அந்த இடத்தில். முதல் வாரம் வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள். பகல் முழுக்கப் பாட்டில் குடித்த குழந்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு அழும். நிப்பிள் பழகிவிட்டால் குழந்தைக்கு மார்பில் உறிஞ்சப் பொறுமை இருப்பதில்லை. ஒருநாள் ராத்திரி பாத்திரம் கழுவ வெளியே போனேன், துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பால் கட்டிக் கல் மாதிரி ஆகி, காய்ச்சல் வேறு. பிழிந்த பால் தண்ணீரோடு கலந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மாமியார் பவுடர் கலக்குகிற ஸ்பூன் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

சீசன் முடிவதற்குள் பால் வற்றிவிட்டது. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், எடுக்க ஆள் இல்லையென்றால் உடம்பு நிறுத்திவிடும், அவ்வளவுதான் அதன் கணக்கு.

இவளுக்கு யார் வந்து தாய்ப்பாலின் மகிமையைச் சொல்ல வேண்டும்? ஆகஸ்டு முதல் வாரம் பால்வாடியில் தாய்ப்பால் வாரக் கூட்டம் போட்டார்கள், இவளும் போய் உட்கார்ந்திருந்தாள், சீம்பாலைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லி ஒரு டப்பா பரிசு வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் முடியாமல் போன பெண்ணிடம், ஆறு மாதம் பால் கொடுத்திருந்தால் ஆயிரம் ரூபாய் தருகிறோம் என்று சொன்னால் என்ன அர்த்தம்? இரண்டரை நாள் கூலிக்காக ஐம்பது நாள் கூலியை விடு என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

ஆயிரம் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே இது இருந்தது. 2010-இல் மத்திய அரசு சில மாவட்டங்களில் மட்டும் முன்னோட்டமாகத் தொடங்கிய இந்திரா காந்தி தாய்மைத் திட்டத்தில் 4,000 ரூபாயைத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். கடைசித் தவணை ஆயிரம் ரூபாய், அதற்கு நிபந்தனை, குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்பது. 2017-இல் மாத்ரு வந்தனா திட்டம் நாடு முழுக்க வந்தபோது அந்த நிபந்தனை இல்லை, கடைசித் தவணைக்குத் தடுப்பூசியைத்தான் கேட்டார்கள். அதை எடுத்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு இருக்கிறது. பால் கொடுத்ததற்கு என்ன சீட்டு? அவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். அவள் சொல்கிற பதிலில் பணம் தொங்கினால் அவள் ஒளிக்கத் தொடங்குவாள். நிபந்தனை இல்லாத இன்றைக்கே அந்தப் பெண் பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்து வருகிறாள் என்றால், நிபந்தனை இருந்தால் நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போது அந்த டப்பாவை எங்கே வைப்பாள்? டப்பாவை நர்ஸம்மா பார்க்கவில்லை என்றால் ஏன் பால் பத்தவில்லை என்று கேட்கவும் மாட்டார், எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தரவும் மாட்டார்.

சொல்லித் தருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் மகள் பிறந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரி. நான் மயக்கம் தெளிவதற்கு முன்பே குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்துவிட்டார்கள், யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்புறம் ஐந்து வாரம் போராட்டம். காம்பு வெடித்து ரத்தம் வரும், குழந்தை அழும், "உனக்குப் பால் பத்தல" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், நான் பவுடரைக் கலக்குவேன். பால் பத்தவில்லை என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே பால் நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கடைசியில் தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஓய்வு பெறப்போகும் வயதில் இருந்த ஒரு செவிலியர் என்னை ஓரமாக உட்கார வைத்து, குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரித் திருப்பி, அது வாயை நன்றாகத் திறக்கிற வரை காத்திருந்து, காம்பை மட்டும் இல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகிற மாதிரிச் சட்டென்று அணைத்து வைத்தார். வலிக்கவில்லை. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வலிக்கவில்லை. குழந்தை முழுங்குகிற சத்தம் கேட்டது. பத்து நிமிட வேலை. பத்து நாளில் பவுடர் நின்றது, ஒன்றே முக்கால் வயது வரை குடித்தாள்.

'தாய்ப்பால் மட்டுமே' என்று கையெழுத்துக் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன், அல்லது தோற்றவளாக வெளியே நின்றிருப்பேன். இரண்டில் எதுவும் என் மகளுக்குப் பால் கொண்டுவந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் பக்கத்துக்கே உரிய விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எங்கள் பெரியவர்களின் பல்லைப் பார்த்தாலே தெரியும், மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கும், சிலருக்கு மூட்டும் மடங்காது. அதற்காகத்தான் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை ஜப்பான் கடனில் கொண்டுவந்தார்கள், 2013-இல் தொடங்கியது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்வெல் தண்ணீர்தான். பவுடர் பாலை அந்தத் தண்ணீரில்தான் கலக்குகிறோம், கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகத்தான் ஆகும். ஆனால் தாய் அதே தண்ணீரைக் குடித்தாலும் அவள் பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவாகவே இறங்குகிறது. உடம்பு எப்படியோ தடுத்து நிறுத்திக்கொள்கிறது. இதைப் படித்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓகே, பவுடர் டப்பா விலையையும் பார்ப்போம். சின்ன டப்பாவே 400 ரூபாய் ஆகிறது, முழுக்க அதையே கொடுத்தால் நாலு நாளைக்குத் தாங்காது. அதனால் வீட்டில் ஒரு ஸ்பூன் குறைத்து, தண்ணீரைக் கூட்டி ஊற்றுவார்கள். என் மாமியாரும் அதைத்தான் செய்தார், மனது கெட்டவர் இல்லை, கையில் காசு இல்லை. தாய்ப்பால் மற்ற ஊர்களை விட எங்கள் ஊருக்கு இன்னும் அதிகமாகத் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதனால் பணம் கொடுங்கள். ஆனால் பாலுக்கு விலையாகக் கொடுக்காதீர்கள், அவள் விட்டுவிட்டு வருகிற கூலிக்கு ஈடாகக் கொடுங்கள். இது புதுசாக நான் கண்டுபிடித்ததும் இல்லை. அரசு வேலையில் இருக்கிற டீச்சருக்கு 2021-இலிருந்து ஒரு வருடம் முழுச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. கம்பெனியில் சட்டப்படி வேலை செய்கிறவளுக்கு 2017-இலிருந்து 26 வாரம், திரும்பி வந்த பிறகும் குழந்தைக்கு பதினைந்து மாதம் ஆகிற வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை, ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம். எல்லாம் சரி, எல்லாம் வேண்டும். அந்த டீச்சரிடம் யாராவது போய், தாய்ப்பால் கொடுத்தீர்களா, செவிலியர் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டா சம்பளம் போடுகிறார்கள்? பிள்ளை பெற்றிருக்கிறாள், அவள் கூட இருக்க வேண்டும் என்று சம்பளம் போடுகிறோம். அதே மரியாதை வேன் ஏறிப் போகிற என் ஓரகத்திக்கும், வாசலில் உட்கார்ந்து புளி தட்டுகிறவளுக்கும், ரோஸ் தோட்டத்தில் பூ பறிக்கிறவளுக்கும் வேண்டும்.

பெயரிலேயே இதற்கு வழி இருக்கிறது. 2023-இல் மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தபோது அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தார்கள். அதற்கான விண்ணப்ப முகாமை அந்த ஜூலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்ததே எங்கள் தர்மபுரித் தொப்பூரில்தான். அன்றிலிருந்து ஒரு மாதம் என் கடையில் மூச்சு விட நேரமில்லை. ஆனால் அது ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான், 21 வயது ஆகியிருக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அது மாமியார் கணக்குக்குப் போகிறது. கைக்குழந்தைக்காரிக்கு, அதுவும் எங்கள் பக்கத்தில் இருபது வயதுக்குள் பெற்றுக்கொள்கிற பெண்களுக்கு, அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்களுக்கென்று, பெற்ற நாளிலிருந்து ஆறு மாதம், மாதா மாதம், அவள் பெயரில் இருக்கிற கணக்கில், கூலியில் பாதியாவது வருகிற மாதிரி ஒரு தொகை. மொத்தமாகக் கொடுக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். மொத்தப் பணம் வந்த அன்றைக்கே கடன்காரன் வாசலில் நிற்பான், கடையில் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாதப் பணம் என்றால் இந்த மாதம் வேன் ஏறாமல் இருக்கலாமா என்று அவள் ஒரு கணக்குப் போட முடியும்.

புருஷன் குடித்துவிடுவானே என்று சிலர் சொல்வார்கள். சில வீட்டில் நடக்கும்தான். ஏடிஎம் கார்டை மாமியார் சுருக்குப் பையில் முடிந்து வைத்திருக்கிற வீடும் எனக்குத் தெரியும். ஆனால் கூலிப் பணத்தையும் குடிக்கத்தான் குடிக்கிறான், அதற்காக அவளுக்குக் கூலியே தர வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே. பணம் வந்தால் பால் கொடுக்காமலே வேலைக்கும் போய்விடுவாள் என்றும் சொல்வார்கள். போகட்டும். ஒரு சிலர் போவார்கள், பால் வராதவர்கள் இருப்பார்கள், மருந்து சாப்பிடுவதால் கொடுக்கக் கூடாதவர்கள் இருப்பார்கள், அவர்கள் குழந்தைக்கும் வயிறு இருக்கிறது. வீட்டில் இருக்க முடிந்த பெண்களில் பெரும்பாலானவர்கள் தானாகவே கொடுப்பார்கள், நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு அழுதவளைப் பார்த்தவள் என்ற முறையில் இதை எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பணத்தோடு ஆளும் வேண்டும். பிரசவமான முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக் காட்டுகிற ஒரு ஆள். கிராம சுகாதாரச் செவிலியருக்கு இருக்கிற வேலைச்சுமையில் அவரை மட்டும் நம்பிப் பயனில்லை. ஊருக்கு ஊர் மூன்று நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்த அக்காக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அதற்கும் ஒரு சம்பளம் போடலாம். அப்புறம் மாங்கூழ் ஃபேக்டரிகள் சீசன் இரண்டு மாதத்துக்காவது ஒரு அறையும் ஒரு ஆயாவும் ஏற்பாடு செய்ய வேண்டும், ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த ஆள் எங்கள் ஆள் இல்லை என்று கை விரிக்காமல்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டிலை எடுத்தவளிடம், பால் சுத்தமாக வரவில்லையா என்று கேட்டேன். வருது அக்கா, பத்தலன்னு அத்தை சொல்றாங்க என்றாள். லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் எனக்கு மதியம் சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி இருக்கிறது, அங்கே உட்கார வைத்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கினேன். அந்தச் செவிலியர் எனக்குக் காட்டியதை எனக்குத் தெரிந்த வரை காட்டினேன். முதலில் இரண்டு தடவை குழந்தை கத்தியது. மூன்றாவது தடவை பிடித்தது. வெளியே இரண்டு பேர் சாதிச் சான்றிதழுக்காக நின்றிருந்தார்கள், கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். குழந்தை முழுங்க முழுங்க அவள் அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தாங்கியிருந்த விரல்களில் நகக்கண் எல்லாம் கறுப்பாகப் புளிக்கறை. புளி எப்போது முடியும் என்று கேட்டேன். இன்னும் ரெண்டு வாரம் வரும் அக்கா, அப்புறம் மாங்காய் ஆரம்பிச்சிடும், வேன்காரர் பேர் கேட்டுட்டுப் போயிருக்காரு என்றாள்.